கசப்பு உருண்டையும் பின்னறை விருந்தாளியும்

ஒரு மலைச்சரிவில், பெரிய பாறைக்கு அடியில், ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் வளை தோண்டி வாழ்ந்து வந்தது. அம்மா பெயர் சடைச்சி. அப்பா பெயர் கூரான். மூத்தவள் கிண்கிணி. இளையவன் மொட்டு. அவனுக்கு முதுகில் முள் முளைத்திருந்ததே தவிர இன்னும் முற்றவில்லை. தடவினால் புல்லைப் போல மடங்கும்.

அது மார்கழி மாதம். அந்த மலையில் மார்கழிப் பனி விளையாட்டுக் காரியம் இல்லை. புல்நுனியில் பனி உறைந்து வெள்ளையாக நிற்கும். நீர்க்குட்டையின் ஓரம் கண்ணாடி போல இறுகிவிடும். வெளியே தலை நீட்டினால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்!

முள்ளம்பன்றிகளுக்கு நம்மைப் போல இல்லை, எல்லாம் தலைகீழ். இரவெல்லாம் கிழங்கு தோண்டும். விடியும்போது வீடு திரும்பும். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடும். ஆகவே குளிர் மிகக் கொடுமையாக இருக்கும் விடியற்காலையில்தான் சடைச்சி அடுப்பு மூட்டுவாள். பிள்ளைகள் விறைத்துப்போன வயிற்றோடு படுக்கக் கூடாது என்பதற்காக, தினமும் சூடாக ஓர் இனிப்பு செய்வாள்.

பெரிய பலகாரம் ஒன்றும் இல்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தணலில் சுடுவாள். தோலை உரித்து, அடுப்பில் ஏற்றிய கல்சட்டியில் போட்டு மசிப்பாள். கனிந்த மலைவாழைப்பழத்தைப் பிசைந்து சேர்ப்பாள். ஏலக்காயைத் தட்டிப் போடுவாள். கடைசியில் கொட்டாங்குச்சியிலிருந்து மலைத்தேனை ஊற்றிக் கிளறுவாள். கையில் எடுத்து உருட்டினால் தேன்கிழங்கு உருண்டை! வாழைப்பழம் கிடைக்காத நாளில் பலாக்கொட்டையை வறுத்துப் பொடித்துப் போடுவாள். யாரும் செய்யலாம், அவ்வளவு சுலபம். ஆனால் அதன் வாசனை வளை முழுக்கச் சுற்றி வரும்.

கல்சட்டிக்கு ஒரு குணம் உண்டு. அது சீக்கிரம் சூடாகாது. சூடாகிவிட்டால் சீக்கிரம் ஆறவும் ஆறாது. இறக்கி வைத்து வெகுநேரம் ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்தால் கதகதப்பாக இருக்கும்.

சடைச்சிக்கு ஒரே ஒரு மனக்குறை.

"ஏனுங்க, எப்படி இருக்குது?" என்று கேட்பாள்.

"ம்... ஏலக்காய் பல்லுல மாட்டுது" என்பான் கூரான்.

"எனக்கு அடிப்புடிச்ச வாசம் வருதும்மா" என்பாள் கிண்கிணி.

"நேத்தும் இதேதானே?" என்பான் மொட்டு.

சொல்லிக்கொண்டே மூன்று பேரும் கல்சட்டியை வழித்து நக்கிவிடுவார்கள். அடியில் ஒட்டியதைச் சுரண்ட மொட்டுவுக்கும் கிண்கிணிக்கும் சண்டையே வரும். ஆனால் சடைச்சி காலிச் சட்டியைப் பார்க்கவில்லை. அவர்கள் சொன்ன சொல்லை மட்டும்தான் கேட்டாள். 'ஒரு நாளாவது, நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கல்லுக்குச் சமைச்சுப் போட்டாலாவது அது சும்மா இருக்கும்!' என்று மனசுக்குள் பொருமிக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் குரல் வந்தது.

ஒரு விடியற்காலையில் கிழங்கோடு எல்லோரும் வீடு திரும்பினார்கள். சடைச்சி அடுப்பில் கல்சட்டியை ஏற்றிக் கிளறிக்கொண்டிருந்தாள். வளையின் கடைசியில் ஒரு பின்னறை உண்டு. வளைந்து போகும் இருட்டுப் பாதையின் முடிவில் இருந்தது அது. அதற்கு மலையின் அந்தப் பக்கமாக ஒரு பின்வாசலும் இருந்தது. குளிருக்குப் பயந்து பின்வாசலைச் சருகால் அடைத்து வைத்திருந்தார்கள். அந்த அறையிலிருந்துதான் குரல் வந்தது. மெதுவான, வழுவழுப்பான குரல்.

"வீட்டுக்காரர்களே, பயப்படாதீர்கள். நான் ஒரு வயோதிக ஆமை. பனி தாங்காமல் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டேன். பனிக்காலம் முடியும்வரை இந்த மூலையில் ஒதுங்கிக்கொள்கிறேன். என்னால் உங்களுக்கு ஒரு தொந்தரவும் இராது!"

கூரானுக்குப் பிடிக்கவில்லை. "ஆமைன்னா வெளியே வந்து மூஞ்சியக் காட்டட்டுமே! யாரு என்னன்னு தெரியாம எப்படி உள்ளே விடறது?" என்று முணுமுணுத்தான்.

"வெளிச்சம் என் கண்ணுக்கு ஆகாது ஐயா" என்றது குரல். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டது. "ஆஹா! இது என்ன வாசனை! யார் வீட்டு அடுப்பிலிருந்து வருகிறது? இந்த வாசனைக்கே பாதிப் பனி ஓடிவிட்டதே!"

சடைச்சிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பாவம், வயசானவரு. குளிருல துரத்தினா நல்லாவா இருக்கும்? உங்களுக்கு எதுல பார்த்தாலும் குத்தம்தான்!" என்று புருஷனை அடக்கினாள். அன்றைக்கே கல்சட்டியில் ஒரு பங்கு உருண்டையை வைத்து, சூடு ஆறுவதற்குள் எடுத்துக்கொண்டு போய், பாதை வளையும் இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

பாதையில் திரும்பி நடக்கும்போது அவள் முதுகு முள் எல்லாம் தானாகச் சிலிர்த்து நின்றது. 'என்ன பனி, என்ன பனி!' என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் எழுந்து போய்ப் பார்த்தால் சட்டி அதே இடத்தில் காலியாக இருந்தது. இருட்டிலிருந்து குரல் வந்தது.

"தாயே! இந்தக் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும்! இத்தனை காலம் வாழ்ந்தும் இப்படி ஓர் இனிப்பை நான் சாப்பிட்டதில்லை!"

சடைச்சிக்குத் தலைகால் புரியவில்லை. ஓடி வந்து வீட்டில் சொன்னாள். "கேட்டீங்களா? காப்பு போடணுமாம்!"

"சட்டியச் சும்மா குடுத்தாரா? ஒரு வீட்டுப் பாத்திரத்த வெறும் பாத்திரமாத் திருப்பக் கூடாதுன்னு தெரியாதா அந்தப் பெரிய மனுசனுக்கு?" என்றான் கூரான். அந்தக் காட்டில் அது வழக்கம். யார் வீட்டுப் பாத்திரமானாலும் நாலு நெல்லிக்காயாவது போட்டுத்தான் திருப்புவார்கள்.

உள்ளே அது கேட்டுவிட்டது போலும். மறுநாள் குரல் சொன்னது: "வெறும் சட்டியைத் தருகிறேனே என்று எனக்கும் வெட்கம்தான், தாயே. தை பிறந்து வெயில் கொஞ்சம் உறைக்கட்டும். உடம்பில் தெம்பு வரட்டும். உங்கள் வீட்டில் ஒருவரையும் விடாமல், எல்லோரையும் கவனித்துக்கொள்கிறேன்!"

என்ன நல்ல மனசு என்று சடைச்சி உருகிப் போனாள்.

அதிலிருந்து தினமும் முதல் பங்கு பின்னறைக்குத்தான். வீட்டுக்குச் சின்ன உருண்டை, விருந்தாளிக்குப் பெரிய உருண்டை. தினமும் பாராட்டு வந்தது. பாராட்டோடு ஒரு சின்ன வேண்டுகோளும் வந்தது.

"தாயே, நல்ல கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வா. இனிப்பை விட அந்தச் சூடுதான் இந்தக் கிழவனுக்கு மருந்து."

இன்னொரு நாள்: "சட்டியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வை தாயே. என்னால் நகர முடியவில்லை."

இன்னொரு நாள்: "உன் வீட்டில் சின்னவன் ஒருவன் இருக்கிறானே, அவனுக்கு முள் முற்றிவிட்டதா? இன்னும் இல்லையா? பாவம், பாவம். பனியில் வெளியே விடாதே."

ஒரு நாள் பேச்சோடு பேச்சாக இப்படியும் சொன்னது: "பக்கத்து முயல் வீட்டம்மாவும் நன்றாகத்தான் கவனித்தாள். ஆனால் அங்கே இந்தக் கதகதப்பு இல்லை."

பக்கத்து வளையில் இருந்த முயல் குடும்பத்தைக் கார்த்திகையிலிருந்தே காணோம். குளிருக்குப் பயந்து அடிவாரத்துக்கு இறங்கிவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சடைச்சியும் அப்படித்தான் நினைத்தாள். 'ஓகோ, இவரு அங்கேயும் இருந்திருக்காரா!' என்று நினைத்தாளே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை. புகழ்ச்சி காதில் விழுந்துகொண்டிருக்கும்போது மற்றது எதுவும் விழுவதில்லையே, அதுதான் சங்கடம்!

பின்னறைப் பக்கம் எறும்புச் சாரி போனது. கிண்கிணி அதைக் காட்டினாள்.

"அம்மா, எறும்பெல்லாம் ஏம்மா அங்கேயே போகுது? நம்ம சட்டியிலதான் எறும்புக்குக்கூட மிச்சம் இருக்கறதில்லையே!"

"இனிப்பு இருந்தா எறும்பு வராதா? போய்ப் படு!" என்றாள் சடைச்சி.

அந்தப் பாதை வழியாகப் போனால் பிள்ளைகளுக்கும் முள் சிலிர்த்தது. மொட்டுவின் பிஞ்சு முள்கூட எழுந்து நின்றது. "எனக்கு அங்கே போகப் பயமா இருக்குதும்மா" என்றான் அவன்.

"பெரியவங்களப் பார்த்து என்னடா பயம்? எவ்வளவு பாசமா விசாரிக்கிறாரு தெரியுமா?"

மார்கழி முடியப் போகும் ஒரு விடியற்காலை. கிண்கிணி சளி பிடித்து இருமிக்கொண்டே இருந்தாள். சடைச்சி நிலவேம்பை இடித்துக் கஷாயம் காய்ச்சி, கெட்டியானதும் ஒரு கொட்டாங்குச்சியில் ஊற்றி வைத்தாள். பக்கத்திலேயே தேன் கொட்டாங்குச்சி. இரண்டும் ஒரே நிறம். ஒரு கண் அடுப்பில், ஒரு கண் இருமுகிற பெண்ணின் மேல். கிழங்கை மசித்தாள், பழத்தைப் பிசைந்தாள், ஏலக்காய் தட்டினாள், கொட்டாங்குச்சியை எடுத்துச் சட்டியில் மடமடவென்று கவிழ்த்தாள்.

பின்னறையிலிருந்து குரல் வந்தது. "தாயே! இன்று சின்னவனையும் அனுப்பேன். நான் கதை சொல்கிறேன். நீயும் நிம்மதியாக வேலை பார்க்கலாம்!"

சடைச்சிக்கு அது உதவியாகத்தான் தோன்றியது. மொட்டுவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அவன் காலைப் பின்னுக்கு இழுத்தான். "வேண்டாம்மா" என்றான். "சும்மா வாடா!" என்றாள். வளைவில் கல்சட்டியை வைத்தாள். அவனையும் அதன் பக்கத்தில் விட்டாள். "பெரியவர் சொல்றதக் கேட்டு நடந்துக்க கண்ணு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

தானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள், பாருங்கள்!

அடுப்படிக்கு வந்து மற்றவர்களுக்கு இலையில் உருண்டையை வைத்தாள். கூரான் ஒரு வாய் கடித்தான். அடுத்த நொடி "த்தூ!" என்று துப்பினான்.

"ஏ புள்ள! என்னத்தப் போட்டே இதுல? குடலே கசக்குது!"

கிண்கிணியும் துப்பினாள். "ஐயோ அம்மா! இது கஷாயம்!"

சடைச்சி நாக்கில் வைத்துப் பார்த்தாள். நாக்கு மடங்கிக்கொண்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது. 'ஐயையோ, அந்தப் பெரியவருக்கு இதையா வெச்சுட்டு வந்தேன்! என்ன நினைப்பாரு!' என்று பதறிக்கொண்டு பின்னறைப் பக்கம் ஓடினாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள்.

அதற்குள் குரல் முந்திக்கொண்டது.

"ஆஹா, தாயே! இன்று இனித்தது போல் என்றும் இனித்ததில்லை! தேன் நாவில் நிற்கிறது! இந்தக் கைக்குக் காப்பு போட்டே ஆக வேண்டும்!"

சடைச்சி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

தேனா? அதில் ஒரு சொட்டுத் தேன்கூட இல்லையே!

இவர் வாயிலேயே வைக்கவில்லை. இன்றைக்கு மட்டுமா? தேனுக்கும் நிலவேம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் புகழ்கிறவர் என்றைக்குத்தான் சாப்பிட்டிருப்பார்? அப்படியானால் இத்தனை நாளும் எதற்காக இனிப்பு கேட்டார்? எதற்காகச் சூடு கேட்டார்? எதற்காகச் சின்னவனைக் கேட்டார்? எறும்புச் சாரி ஞாபகம் வந்தது. முயல் வீடு ஞாபகம் வந்தது.

"மொட்டு..." என்று கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். "மொட்டு, கண்ணு, எங்கேடா இருக்கே?"

"இங்கேதாம்மா" என்று இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "தாத்தா என்னச் சுத்திப் படுத்திருக்காரு. மெத்தை மாதிரி இருக்குது. ஆனா கொஞ்சம் இறுக்கமா இருக்குதும்மா."

"குளிர் காலமல்லவா? அணைத்து வைத்திருக்கிறேன்" என்றது குரல். "சட்டி ஆறிவிட்டது தாயே. உடம்பு இன்னும் சரியாக இளகவில்லை. இன்னொரு தடவை சூடாக்கிக் கொண்டு வா."

இருட்டிலிருந்து கல்சட்டி மெல்ல நகர்ந்து வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தது காலும் அல்ல, ஓடும் அல்ல. அது ஒரு வால். நுனியில் மெலிந்து, போகப் போகப் பருத்து, உலர்ந்த இலை போலத் திட்டுத் திட்டாகத் தோல் மூடிய வால். ஆமைக்கு ஏது இப்படி வால்? மலைப்பாம்புக்குத்தான் உண்டு.

அலறத்தான் வந்தது. சடைச்சி உதட்டைக் கடித்துக்கொண்டாள். முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தால் என்ன ஆகும்? அவள் போய்ச் சேருவதற்குள் பாம்பு ஒரு இறுக்கு இறுக்கினால் போதும். பிஞ்சு முள் என்ன செய்யும்? பாம்பு இன்னும் இறுக்கவில்லை. ஏன் இறுக்கவில்லை? அவளுக்குச் சட்டென்று புரிந்தது. அதன் உடம்பு பனியில் விறைத்துக் கிடக்கிறது. இறுக்குவதற்கு அதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டை இத்தனை நாளும் அவளேதான் சட்டி சட்டியாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்!

"அதுக்கென்னங்க பெரியவரே!" என்றாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொள்வதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது. "இத்தனை ஆசையாக் கேக்கறீங்க, இன்னொரு சட்டி கொண்டு வர மாட்டேனா? நல்லாக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வரேன். சின்னவன மட்டும் அனுப்புங்க, விறகு எடுத்துக் குடுக்க ஆள் வேணும்."

"அவன் இங்கேயே இருக்கட்டும்" என்றது பாம்பு. "நீ சீக்கிரம் வா."

சடைச்சி சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். கூரானின் காதோடு காதாகச் சொன்னாள். கூரானுக்கு முகம் வெளிறிவிட்டது. அடுத்த நொடி முள்ளெல்லாம் விறைத்து நின்றது.

"விடு என்னை! குத்திக் கிழிச்சுடறேன்!"

"சத்தம் போடாதீங்க! நீங்க பாய்ஞ்சா பிள்ள நசுங்கிடுவான். நான் சொல்றதக் கேளுங்க. வளைவுக்கு இந்தப் பக்கம் முதுகத் திருப்பிட்டு நில்லுங்க. மூச்சு விடற சத்தம்கூடக் கேக்கக் கூடாது. கிண்கிணி, நீ அடுப்ப ஊது. இருமல் வந்தா வாயப் பொத்திக்க!"

கிண்கிணி ஊதினாள். தணல் பழுத்தது. சடைச்சி வெறும் கல்சட்டியை அதன் நடுவில் புதைத்து வைத்தாள். கல்சட்டி சீக்கிரம் சூடாகாது என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு அது சூடாக எடுத்த நேரம் சடைச்சிக்கு ஒரு யுகமாகத் தெரிந்தது.

"தாயே... இன்னுமா ஆகவில்லை?"

"இதோ ஆச்சுங்க! கிழங்கு வேக வேணாமா?"

"அம்மா, இறுக்கமா இருக்குதும்மா" என்று மொட்டு அழும் குரல் வந்தது.

"இதோ வந்துட்டேன் கண்ணு! ஆடாம அசையாம இரு!"

ஒரு சொட்டுத் தண்ணீரைச் சட்டியில் தெளித்தாள். சுர்ரென்று துள்ளி ஆவியாகிவிட்டது. இது போதும். துப்பிப் போட்ட கசப்புக் கிழங்கை வாரி அதில் போட்டாள். ஈரத் தழையைக் கையில் சுற்றிக்கொண்டு சட்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். வளைவைத் தாண்டியதும் நிறுத்தினாள். மொட்டு இருந்த மூலைக்குப் பக்கத்தில் அவள் அதைக் கொண்டுபோகவில்லை. எதிர் மூலையில் வைத்தாள். வைத்த இடத்தில் மண் பொரிந்தது. சூடு அலை அலையாகப் பரவியது.

"ஆஹா..." என்று முனகியது பாம்பு. இந்தத் தடவை அது பொய்யான பாராட்டு அல்ல. "இன்னும் இந்தப் பக்கம் தள்ளி வை தாயே."

"ஐயோ, கை சுட்டுருச்சுங்க! இதுக்கு மேல தள்ள முடியல. நீங்களே கொஞ்சம் நகர்ந்து வாங்க பெரியவரே. சட்டியோடு ஒட்டிப் படுத்துக்குங்க. ஒரு நொடியில குளிர் விட்டுப் போயிரும்!"

இருட்டில் சரசரவென்று சத்தம் கேட்டது. ஒரு சுற்று மெல்ல அவிழ்ந்தது. நின்றது. பாம்பு யோசிக்கிறது. சட்டியிலிருந்து சூடு விடாமல் அடித்தது. மார்கழி முழுக்க விறைத்துக் கிடந்த உடம்பு அல்லவா? ஆசை விடுமா? இன்னொரு சுற்று அவிழ்ந்தது. மற்றொன்றும் அவிழ்ந்தது. பாம்பு நீண்டு வந்து, கல்சட்டியைத் தன் உடம்பால் ஆசையோடு ஒரே வளையாக வளைத்து இறுக்கியது.

"மொட்டு! அம்மா வயித்துக்கு அடியில ஓடுடா!"

மொட்டு ஓடினான். அவளுடைய கால்களுக்கு நடுவே நுழைந்து, அப்பாவைத் தாண்டி, அடுப்படிக்கே போய் விழுந்தான்.

"ஸ்ஸ்ஸ்ஸ்!" என்று பாம்பு அலறியது. தோல் கருகும் நாற்றம் எழுந்தது. இறுக்கின வேகத்தில் உடனே அவிழ்க்கவும் முடியவில்லை. ஒருவழியாக உதறிக்கொண்டு, வாயைப் பிளந்து பாதையில் பாய்ந்தது. அங்கே சடைச்சி முதுகைக் காட்டி நின்றாள். முள் ஒவ்வொன்றும் ஈட்டியாக நின்றது. "வாங்க பெரியவரே! இன்னைக்காவது உண்மையா ருசி பாருங்க!" என்று கத்திக்கொண்டே பின்பக்கமாகப் பாய்ந்தாள். கூரானும் வந்து அவள் பக்கத்தில் முதுகைக் கொடுத்தான். பாதை முழுக்க முள். கலகலவென்று முள் அடித்துக்கொள்ளும் சத்தத்தில் வளையே அதிர்ந்தது.

பாம்பின் வாயில் முள் தைத்தது. தாடையில் தைத்தது. அது தலையை உதறிக்கொண்டு திரும்பியது. வந்த வழியே சருகைத் தள்ளிக்கொண்டு பின்வாசலால் வெளியேறியது. வெளியே பனி காத்துக்கொண்டிருந்தது. உறைந்த புல்லின் மேல், நகர மாட்டாமல் நகர்ந்து, சரிவில் இறங்கிப் போயிற்று. அதற்கப்புறம் அந்தப் பக்கம் அது வரவே இல்லை.

பின்வாசலைப் பாறையால் அடைத்த பிறகு, தணல் வெளிச்சத்தில் பின்னறையைப் பார்த்தார்கள். ஒரு மூலையில் தேன்கிழங்கு உருண்டைகள் குவிந்து கிடந்தன. முதல் நாள் வைத்ததிலிருந்து எல்லாம் அங்கேயே இருந்தன. ஒன்றில்கூடப் பல் படவில்லை. எறும்பு மட்டும் மொய்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் மயிர்க் கற்றை ஒன்று கிடந்தது. முயல் மயிர்.

முயல் குடும்பம் அடிவாரத்துக்கு இறங்கவில்லை.

சடைச்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் மொட்டுவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "வேண்டாம் வேண்டாம்னு சொன்னியேடா! நானே உன்னக் கொண்டுபோய் விட்டேனேடா!" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அன்று பகல் முழுக்க அவனைக் கீழே விடாமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் விடியற்காலை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. சடைச்சி அடுப்பு மூட்டினாள். கிழங்கைச் சுட்டு மசித்தாள். பழத்தைச் சேர்த்தாள். கொட்டாங்குச்சியை எடுத்து, ஊற்றுவதற்கு முன்னால் நாக்கில் தொட்டுப் பார்த்தாள். தேன்தான்.

உருண்டைகளை இலையில் வைத்தாள். கூரானுக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. 'நாம ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தா இவ அந்தப் பாம்புகிட்டப் போய்க் காதைக் குடுத்திருக்க மாட்டாளே' என்று அவனுக்கும் உறுத்தியது. ஆகவே இலை எதிரே வந்ததும் வராததுமாக, "ஆஹா! பிரமாதம்!" என்றான்.

சடைச்சியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. முதுகு முள் எல்லாம் சிலிர்த்து நின்றது.

"முதல்ல தின்னுங்க!" என்று கத்தினாள். "தின்னுட்டு அப்புறம் சொல்லுங்க!"

கூரான் பயந்துபோய் ஒரு உருண்டையை முழுசாக வாயில் போட்டான். மென்றான். விழுங்கினான். நாக்கால் பல்லைத் துழாவினான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தான்.

"ம்... நல்லாத்தான் இருக்குது. ஏலக்காய்தான் பல்லுல மாட்டுது."

"நேத்தும் இதேதானே?" என்றான் மொட்டு, வாய் நிறைய அடைத்துக்கொண்டு.

சடைச்சியின் முள் ஒவ்வொன்றாக அடங்கியது. சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது. எல்லோரும் தின்று முடித்ததும், இந்தத் தடவை அவள் கல்சட்டியைப் பார்த்தாள். அடியில் ஒட்டியதுகூட இல்லாமல் அது வழித்து நக்கப்பட்டிருந்தது.

ருசி பார்க்காமலே புகழ்கிற வாய், வேறு எதையோ ருசி பார்க்கக் காத்திருக்கிறது.